ஸ்மித்தா, நௌரோஜியா, ஆற்காடா? முதற்பதிப்பு சேர்க்க விரும்புகிறவர் எங்கே தொடங்கலாம்

பொருளியல் படித்தவர்கள், வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி ஆசிரியர்கள் என்று வேலூரில் என்னிடம் இதைக் கேட்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "ஐயா, கையில் ஒரு லட்ச ரூபாய் இருக்கிறது. பொருளியல் மூலநூல்களின் முதற்பதிப்புகளைச் சேர்க்க ஆசை. எதில் தொடங்கலாம்?" கேட்கும்போதே அவர்கள் மனத்தில் ஆடம் ஸ்மித் இருப்பார், இல்லையென்றால் கெயின்ஸ்.

வழிகள் மூன்று. உலகப் புகழ்பெற்ற ஐரோப்பிய மூலநூல்களைத் தேடலாம். நௌரோஜி, ரானடே, அம்பேத்கர் என்று இந்தியப் பொருளியலின் தொடக்க நூல்களைத் தேடலாம். அல்லது வேலூரைச் சுற்றிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் நிலம், ஏரி, வரி, கடன், நெல் ஆகியவற்றைப் பற்றி எழுந்த நூல்களைச் சேர்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணில் இருக்கிறவர் மூன்றாவது வழியில்தான் தொடங்க வேண்டும். இதை ஊர்ப்பற்றால் சொல்லவில்லை. இருக்கிற பணத்துக்கும் இருக்கிற அறிவுக்கும் பொருந்துவது அதுதான். மற்ற இரண்டையும் நியாயமாக எடைபோட்டுவிட்டு அதற்கு வருகிறேன்.

பெரிய பெயர்கள்

ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' 1776 மார்ச் 9 அன்று லண்டனில் வெளிவந்தது. ஸ்ட்ரஹான், கேடல் என்ற இருவர் வெளியிட்ட பெரிய அளவிலான இரண்டு தொகுதிகள். விலை 1 பவுன் 16 ஷில்லிங். இன்று ஒரு நல்ல முதற்பதிப்புப் பிரதி ஏலத்தில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டிப் போகிறது. 1798 இல் ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்த மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரை, 1817 இல் ஜான் மர்ரே வெளியிட்ட ரிக்கார்டோவின் 'கோட்பாடுகள்', 1867 இல் ஹாம்பர்க்கில் ஓட்டோ மைஸ்னர் ஆயிரம் பிரதிகள் மட்டும் அச்சிட்ட கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதி ஆகியவையும் அதே உயரத்தில் இருப்பவை. ஒரு லட்சத்தோடு அந்தப் பக்கம் போக முடியாது.

அந்தத் தொகைக்கு இந்த வழியில் எட்டக்கூடியவை இருபதாம் நூற்றாண்டு நூல்கள். கெயின்ஸின் 'பொதுக் கோட்பாடு' 1936 பிப்ரவரியில் மேக்மில்லன் வெளியீடாக 5 ஷில்லிங் விலையில் வந்தது. மாணவர்களும் வாங்க வேண்டும் என்பதற்காகக் குறைத்து வைத்த விலை அது. நிறைய அச்சிட்டதால் இன்றும் கிடைக்கிறது. ஆனால் விலையைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கோட்பாட்டைவிட மேலே போர்த்திய காகித உறைதான். அந்த மேலுறையோடு வரும் பிரதி பல லட்சம். மேலுறை இல்லாத பிரதி லட்சத்துக்குள் அமையக்கூடும். 1919 டிசம்பரில் வந்த 'அமைதியின் பொருளாதார விளைவுகள்' இன்னும் எளிதாகக் கிடைக்கும். 1944 இல் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டுக்கு நடுவே ரௌட்லெட்ஜ் அச்சிட்ட ஹயக்கின் 'அடிமைத்தனத்துக்கான பாதை'யும் உண்டு.

இந்த வழியின் பலம், விற்க நினைத்தால் வாங்க ஆள் இருக்கும் என்பது. லண்டன், நியூயார்க் என்று உலகம் முழுவதும் இதற்குச் சந்தை இருக்கிறது. ஏல விலைகள் பதிவாகின்றன. நூற்பட்டியல் வல்லுநர்கள் ஒவ்வோர் அச்சையும் அலசி எழுதிவைத்திருக்கிறார்கள். பணம் பெருக வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் இதைவிட நல்ல வழியை என்னால் காட்ட முடியாது.

பலவீனமும் அதிலேயே இருக்கிறது. லண்டன் வணிகருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட காட்பாடி காந்திநகரில் இருந்துகொண்டு இணையத்தில் படம் பார்த்து வாங்குகிற நமக்குத் தெரியாது. 1936 என்று தலைப்புப் பக்கத்தில் இருக்கும். அதன் பின்பக்கத்தில் அதே ஆண்டின் மறு அச்சு என்று ஒரு சின்ன வரி இருக்கும். படத்தில் அந்தப் பக்கம் மட்டும் இருக்காது. மேலுறை அசலா, வண்ண நகலா என்பதைப் படத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. தபால் செலவும் 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு விதித்த 5 சதவீதச் சுங்கவரியும் தனி. எல்லாம் முடிந்து கையில் வருவது, உலகில் ஆயிரக்கணக்கானவர்களிடம் இருக்கிற புத்தகத்தின் நடுத்தரப் பிரதி ஒன்று. அதை அலமாரியில் வைத்த பிறகு அடுத்து என்ன என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்த புத்தகத்துக்கு அடுத்த லட்சம் வேண்டும்.

நௌரோஜி முதல் அம்பேத்கர் வரை

இரண்டாவது வழியை நான் மிகவும் மதிக்கிறேன். தாதாபாய் நௌரோஜியின் 'வறுமையும் பிரிட்டிஷ் பண்பற்ற ஆட்சியும்' 1901 இல் லண்டனில் ஸ்வான் சொன்னன்ஷைன் வெளியிட்டது. 'மூலதனம்' நூலின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பை 1887 இல் வெளியிட்டதும் இதே நிறுவனந்தான். ரானடேயின் இந்தியப் பொருளியல் கட்டுரைகள் 1898 இல் பம்பாயில் வந்தன. அதன் இரண்டாம் பதிப்பு 1906 இல் சென்னை ஜி.ஏ. நடேசன் வெளியீடு. ரொமேஷ் சந்தர் தத்தின் பொருளாதார வரலாற்றில் முதல் தொகுதி 1902. இவற்றோடு வைக்கவேண்டிய தமிழர் ஒருவர் இருக்கிறார். 'இந்து', 'சுதேசமித்திரன்' இரண்டின் தொடக்கத்திலும் இருந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரக் கூறுகள் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1903 இல் சென்னையில் அச்சானது. அது கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். நௌரோஜியின் பெயரைத் தெரிந்த வணிகர்கள் பலருக்கு இந்த நூலின் அருமை தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே அம்பேத்கரின் 'ரூபாயின் பிரச்சினை' நிற்கிறது. 1923, லண்டன், பி.எஸ். கிங் அண்ட் சன். லண்டன் பொருளியல் பள்ளியில் அவர் அளித்த ஆய்வேட்டிலிருந்து பிறந்த நூல். அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். அந்த முன்னுரையிலேயே மாணவரின் சில முடிவுகளோடு தமக்கு உடன்பாடில்லை என்றும் எழுதினார். அதை அப்படியே அச்சிட்ட அம்பேத்கரின் நெஞ்சுரம் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது. இதே நூல் 1947 இல் பம்பாய் தாக்கர் நிறுவனத்தால் 'இந்திய நாணய, வங்கி வரலாறு' என்று வேறு தலைப்பில் வந்தது. 1923 பிரதியின் விலை ஏறிக்கொண்டே போகிறது. சந்தைக்கு வருவதும் அரிது. 1947 பதிப்பை ஏளனமாகப் பார்க்காதீர்கள். அம்பேத்கர் உயிரோடிருந்தபோது இந்தியாவில் வந்த பதிப்பு என்பதால் அதற்குத் தனி மதிப்புண்டு.

இந்த வழியின் சிக்கல் பிரதிகளின் நிலைதான். இந்நூல்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்தது கல்லூரி நூலகங்களுக்கும் வக்கீல்களின் வீடுகளுக்கும். கரையானும் இராமபாணப் பூச்சியும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவைத்தவை. 1900 வாக்கில் மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் அமிலமேறி, மடித்தால் உடைகிறது. நல்ல பிரதி வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்துதான் வரவேண்டும். அப்போது விலை முதல் வழியின் விலைக்கு அருகில் போய்விடுகிறது. இன்னொன்று, டெல்லி, மும்பை, கொல்கத்தா சேகரிப்பாளர்கள் இந்த நூல்களுக்காகக் காத்திருக்கிறார்கள். டெல்லியில் ஒருவர் காலையில் பார்த்த பிரதி மாலைக்குள் போய்விடுகிறது. வேலூரில் இருப்பதால் நமக்கு இதில் எந்த அனுகூலமும் இல்லை.

ஆற்காடு என்ற சொல் பொருளியலில்

இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1785 பிப்ரவரி 28 அன்று லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஒரு பேச்சுப் பேசினார். ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றிய பேச்சு. நவாப் முகமது அலி வாலாஜா, பால் பென்ஃபீல்டு முதலிய கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களிடம் கொடும் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். அந்தக் கடன் எப்படி உருவானது என்று விசாரிக்காமலேயே கர்நாடகப் பகுதியின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, அந்த நவாப் ஆண்ட நம் பகுதி) நிலவரியிலிருந்து அதைத் தீர்க்க அரசு உத்தரவிட்டது. அதைத்தான் பர்க் கிழித்தெறிந்தார். வாலாஜாப்பேட்டை என்று நாம் தினமும் பஸ் பலகையில் படிக்கிற பெயர் அந்த நவாபுடையது. அரசுக் கடன், போலிக் கடன்காரர்கள், எங்கோ கொடுத்த கடனுக்கு எங்கோ உழுகிறவன் வரி கட்டுவது என்று இன்றும் பொருளியலாளர்கள் பேசுகிற எல்லாம் அதில் இருக்கின்றன.

அதைவிட என்னை நிறுத்துவது வேறொரு பகுதி. அந்தப் பேச்சின் நடுவே பர்க் நம் ஏரிகளைப் பற்றிப் பேசுகிறார். கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரம் ஏரிகளுக்குக் குறையாது என்கிறார். செங்கற்பட்டுப் பகுதியின் நில அளவைப் படத்தில் மட்டும் ஆயிரத்து நூறுக்கு மேல் என்கிறார். இவற்றை வெட்டியவர்களே மெய்யான அரசர்கள், மக்களுக்குத் தந்தையாக இருந்தவர்கள் என்று புகழ்கிறார். ஒரு நாளும் இந்த மண்ணை மிதிக்காத மனிதர் அவர். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நிற்கிற எவருக்கும் அந்தப் பக்கத்தைப் படித்துக்காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பேச்சு அதே 1785 இல் லண்டன் டாட்ஸ்லி வெளியீடாக, பின்னிணைப்பு ஆவணங்களோடு நூலாக வந்தது. ஸ்மித்தின் நூல் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. பதினெட்டாம் நூற்றாண்டு முதற்பதிப்பு, பொருளியல் வரலாற்றில் மறுக்க முடியாத இடம், தலைப்பிலேயே ஆற்காடு; விலையோ சில பத்தாயிரங்களில் அடங்கிவிடும். அரசியல் பேச்சு என்ற தட்டில் வணிகர்கள் இதை வைத்திருப்பதால் பொருளியல் சேகரிப்பாளர்கள் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை. ஒரு லட்சத்தில் ஒரே ஒரு பழம்பெரும் நூல் வேண்டும் என்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான். மேலுறை இல்லாத கெயின்ஸையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் கை எந்தத் தயக்கமும் இல்லாமல் இதன்மேல் போகும்.

அடுத்து பிரான்சிஸ் புக்கானன். 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அவரை அனுப்பினார். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு ஆற்காடு, வேலூர், சாத்கர் வழியாக மைசூர் நோக்கிப் போனார். நம் ஊர் வெயிலில், சரியாக அக்கினி நட்சத்திரத்துக்கு முன்னால். மண், பாசனம், பயிர், கூலி, நெசவு என்று வழியெல்லாம் குறித்துக்கொண்டே போனார். 1807 இல் லண்டனில் மூன்று பெருந்தொகுதிகளாக வந்தது அந்தப் பயணநூல். முழுத் தொகுதியின் விலை லட்சத்தைத் தாண்டும். ஆனால் 1870 இல் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் இதை இரண்டு தொகுதிகளாக மறுபதிப்புச் செய்தது. முதற்பதிப்பு என்ற கணக்கில் இது வராது. சென்னையில் அச்சான பழம்பதிப்பு என்ற முறையில் நான் இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

திருப்பத்தூரையும் மறக்கக் கூடாது. 1792 இல் பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கம்) கம்பெனி கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில் இருந்துகொண்டுதான் நிலவரியை வகுத்தார். இளம் தாமஸ் மன்றோ அவருக்குக் கீழே வேலை பார்த்தார். உழவனிடமிருந்தே அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை அங்கே உருவெடுத்தது. இங்கிலாந்தில் ரிக்கார்டோ நிலவாரம் பற்றிய கோட்பாட்டை எழுதுவதற்கு முன்பே, நிலத்தின் உபரியில் அரசுக்கு எவ்வளவு, உழவனுக்கு எவ்வளவு என்ற கேள்வியை நம் பக்கத்துக் கிராமங்களில் வயல் வயலாக அளந்து பார்த்திருக்கிறார்கள். பாராமகால் ஆவணங்களைச் சென்னை அரசு அச்சகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக அச்சிட்டது. ஒற்றைப் பகுதிகள் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது தலைகாட்டும்.

மாவட்டக் கையேடுகள் இரண்டு. ஆர்தர் காக்ஸ் எழுதியது 1881. அதை ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்தி விரித்தது 1894–95. இவற்றை வாங்கும்போது அக்கால வட ஆற்காட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று தலைநகரம் சித்தூர். திருப்பதியும் சந்திரகிரியும் இதே மாவட்டம். 1911 இல் சித்தூர் பிரிந்த பிறகுதான் வேலூர் தலைநகரானது. 1989 இல் திருவண்ணாமலையும், 2019 இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே சித்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் இந்தப் புத்தகங்கள் இருக்கும். சென்னை வணிகர்கள் அங்கே தேடுவதில்லை.

பிரெடரிக் நிக்கல்சன் விவசாய வங்கிகள் பற்றி அரசுக்குக் கொடுத்த அறிக்கையும் (1895, 1897) இந்த வரிசையில் சேரும். கடனில் மூழ்கிய உழவனுக்கு வழி என்ன என்று ஐரோப்பா முழுவதும் தேடிவிட்டு, ஜெர்மனியில் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைத் தொடங்கிய ரைஃபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்று முடித்தார். 1904 கூட்டுறவுச் சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. மாகாணம் முழுமைக்குமான அறிக்கை என்றாலும் நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களின் கதை இதில்தான் தொடங்குகிறது.

தூசி என்ற ஊர்

இந்த வழியின் இதயம் என்று நான் கருதுவது ஒரு சாதாரணத் தோற்றமுள்ள புத்தகம். கில்பர்ட் ஸ்லேட்டர் 1915 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். வந்தவர் மாணவர்களைப் பார்த்து, பாடப்புத்தகத்தை வைத்துவிட்டு உங்கள் ஊரைப் பார்த்து எழுதுங்கள் என்று அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், யார் யாருக்குக் கடன், என்ன சாப்பிடுகிறார்கள், கூலி என்ன என்று அவர்கள் எழுதிக்கொண்டு வந்தார்கள். அவற்றைத் தொகுத்து 1918 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்று வெளியிட்டது. அதில் வட ஆற்காட்டின் ஊர், மாமண்டூர்ப் பக்கத்துத் தூசி.

அத்துடன் நிற்கவில்லை. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆய்ந்து 1940 இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் தூசிக்கு மீண்டும் போனது. ஒரே ஊரைத் தலைமுறைக்குத் தலைமுறை திரும்பிப் பார்த்த இத்தகைய தொடர்ச்சி பொருளியலில் எளிதில் கிடைப்பதல்ல. அந்த ஊர் வேலூரிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்க்கலாம். ஸ்மித்தின் முதற்பதிப்பை வைத்துக்கொண்டு, வேலைப் பிரிவினைக்கு அவர் எடுத்துக்காட்டிய குண்டூசித் தொழிற்சாலைகளில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

பசுமைப் புரட்சி வந்தபோது மறுபடியும் வட ஆற்காடுதான் ஆய்வுக்களம். கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் குழு 1973–74 இல் நம் மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆய்ந்தது, பி.எச். ஃபார்மர் தொகுத்த நூல் 1977 இல் வந்தது. புதிய நெல் பெரிய விவசாயிகளுக்கே அதிகம் பயன்பட்டது என்ற கவலை அதில் ஓடியது. 1980களின் தொடக்கத்தில் அதே பகுதியை மறுபடி அளந்த ஹேசலும் சி. ராமசாமியும், 1991 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வெளியிட்ட நூலில், சிறு விவசாயிகளும் கூலிகளும்கூடப் பயன்பெற்றார்கள் என்று எழுதினார்கள். இந்த இரண்டு நூல்களும் ஒன்றோடொன்று வாதாடுவதை ஒரே அலமாரியில் வைத்துப் படிக்கலாம். ஜான் ஹாரிஸின் 1982 நூலும் பார்பரா ஹாரிஸின் நெல் வணிகம் பற்றிய 1981 நூலும் உடன் இருந்தால் வழக்கு முழுமையாகும். இவற்றின் முதற்பதிப்புகள் இன்னும் சில ஆயிரங்களில் கிடைக்கின்றன. காரணம், இவற்றை யாரும் பழம்புத்தகமாக நினைக்கத் தொடங்கவில்லை. சேகரிப்பவர் நுழையவேண்டிய நேரம் அதுதான்.

இந்த வழியின் குறை என்னவென்றால், விற்பது கடினம். ஃபார்மரையோ 1940 மறு ஆய்வையோ ஏலத்தில் கொடுத்தால் போட்டிபோட ஆள் வரமாட்டார்கள். ஐந்து ஆண்டில் பணம் இரட்டிப்பாக வேண்டும் என்பவர் இதற்குள் வரக் கூடாது. இன்னொரு குறை, அரசு அச்சக வெளியீடுகளின் காகிதமும் தையலும் மட்டமானவை. நல்ல பிரதிக்காகப் பொறுமையாக இருக்க வேண்டும்.

வாங்குமிடமும் வாங்கும் முறையும்

சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே காட்பாடி சந்திப்பு இருப்பது சேகரிப்பாளருக்குப் பெரிய வரம். 1985 தீவிபத்துக்குப் பிறகு, சென்னையின் பழைய புத்தகச் சந்தையாக இருந்த மூர் மார்க்கெட் பழைய மூர் மார்க்கெட்டாக இல்லை. ஆனாலும் அங்கிருந்து சிதறிய வணிகர்களின் வழிவந்தவர்கள் சென்னையில் இன்னும் தொழில் செய்கிறார்கள். பெங்களூரின் பழைய புத்தகக் கடைகளில் பாராமகால், மைசூர் சார்ந்தவை அதிகம் வரும். வேலூரிலேயே எடைக்கு வாங்கும் பழைய பேப்பர் கடைக்காரர்களிடம் சொல்லிவையுங்கள். "அண்ணே, இங்கிலீஷில் பழைய கெட்டி அட்டைப் புத்தகம் வந்தால் கிழிக்காமல் எடுத்து வையுங்கள்" என்று சொல்லி, எடை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

வாங்கும் முன் கன்னிமாரா நூலகத்திலோ இணைய ஆவணக் களஞ்சியத்திலோ அதே பதிப்பின் பக்கங்களைப் பார்த்து, எத்தனை படம், எத்தனை வரைபடம், பின்னிணைப்பு எதுவரை என்று எழுதிக்கொள்ளுங்கள். கையேடுகளில் மடித்து வைத்த வரைபடங்கள்தான் முதலில் காணாமல் போகும். பழைய தலைப்புப் பக்கத்தை அப்படியே நகலெடுத்துப் புதுத் தோலில் கட்டி, 1807 என்று பொன்னெழுத்துப் போட்டு இணையத்தில் விற்கிறார்கள். அது நேற்று அச்சிட்ட நகல். விலை நம்பமுடியாத அளவு குறைவாக இருந்தால் அதுவாகத்தான் இருக்கும்.

நூலக முத்திரை உள்ள பிரதியை எடுத்தவுடன் நான் பார்ப்பது, கழிக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்பதை. அது இல்லையென்றால் வாங்குவதில்லை. அந்த நூலகத்துக்குத் தெரிவிப்பதுதான் முறை. நம் மாவட்டத்தின் வரலாறு பொது நூலகங்களிலிருந்து ஒவ்வொரு புத்தகமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. அதில் சேகரிப்பாளர் ஒருவரின் கையும் இருக்கக் கூடாது.

புத்தகத்துக்குள் பழைய கடிதமோ கணக்கேடோ கிடைத்தால் கவனம். 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 75 ஆண்டுகளைக் கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளையும் ஆவணங்களையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது.

வேலூர் வெயிலில் புத்தகம்

பராமரிப்பில் மூன்று வழிகளுக்கும் வேறுபாடு உண்டு. இங்கிலாந்திலிருந்து வரும் தோல் கட்டுப் புத்தகம் நம் கோடையில் வறண்டு விரியும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதன் முதுகைத் தொட்டால் கையில் செந்தூள் ஒட்டினால், அந்தத் தோல் அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. புத்தகத் தோல்கள் ஏன் பொடிகின்றன என்று லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைத்த குழு 1900களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்டு இந்தியாவிலிருந்து போன ஆட்டுத் தோல் கட்டுகளே மிக மோசமாக அழிவதாகக் கண்டது. செருப்புக்கும் பைக்கும் அருமையான தோல். நூற்றாண்டுகள் நிற்கவேண்டிய புத்தகத்துக்கு ஆகாது. லண்டன் அலமாரியில் பொடியாகிற ஒரு பொருளியல் நூலின் தோல் நம் பாலாற்றங்கரையில் பதனிட்டதாக இருக்கலாம்.

ஆகவே தோல் கட்டைவிட அக்காலக் காலிகோ துணிக்கட்டு நம் ஊருக்கு ஏற்றது. மூன்றாவது வழியின் நூல்களில் பெரும்பாலானவை துணிக்கட்டுதான். மேற்குச் சுவரில் அலமாரி வேண்டாம். மழைக்காலத்தில் இரும்பு பீரோவை மூடியே வைக்காதீர்கள். எவ்வளவு கிழிந்திருந்தாலும் செல்லோடேப் ஒட்டக் கூடாது. பழைய கட்டைப் பிரித்து உள்ளூரில் புது பைண்டிங் போடக் கூடாது. அட்டை தொங்கினால் அப்படியே பெட்டியில் வைத்துவிடுங்கள். புது பைண்டிங் போட்ட அன்றே அதன் மதிப்பில் பாதி போய்விடும்.

என்னிடம் அந்த ஒரு லட்சம் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். ஏறக்குறையப் பாதி பர்க்கின் 1785 பிரதிக்கு. அடுத்த பெரும் பங்கு ஸ்லேட்டரின் 1918 நூலுக்கும் 1940 மறு ஆய்வுக்கும். பசுமைப் புரட்சி நூல்கள் நான்கும் மீதிக்குள் வந்துவிடும். கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டு ஸ்டூவர்ட்டின் கையேட்டுக்கோ சுப்பிரமணிய ஐயரின் நூலுக்கோ காத்திருப்பேன். கெயின்ஸையும் ஸ்மித்தையும் மலிவுப் பதிப்பில் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோடுபோட்டுப் படிப்பேன். அவர்கள் அதற்காகத்தான் எழுதினார்கள்.

வாங்கிய ஒவ்வொன்றுக்கும் எங்கே, யாரிடம், என்ன விலைக்கு, என்ன நிலையில் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். எனக்குப் பின் இந்த அலமாரி பிரியாமல் எந்தக் கல்லூரிக்கோ நூலகத்துக்கோ போகவேண்டும் என்பதையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, வீட்டில் இருப்பவர்களிடம் காட்டி, உயிலிலும் சேர்த்துவிடுவேன்.